கடல் தாண்டி வரும் தாய்க் குதிரை

மகாலட்சுமி ஸ்டேஷனில் ஏறி இறங்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள ரேஸ் மைதானம் புதிதல்ல. 1883ஆம் ஆண்டிலிருந்து அங்கே குதிரைகள் ஓடிக் கொண்டிருக்கின்றன. ஜெயித்த குதிரையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஜாக்கியின் பெயரைச் சொல்வார்கள், சொந்தக்காரரின் பெயரைச் சொல்வார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் தகப்பன் குதிரையின் பெயரையும் சொல்வார். தாய்க் குதிரையைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு.

குதிரை வளர்ப்புப் பண்ணைகளில் நிலைமை வேறு. அங்கே பேச்செல்லாம் தாயைச் சுற்றித்தான். பொலிகுதிரை ஒரே பருவத்தில் பல பெட்டைகளுடன் சேரும். பெட்டைக்கோ ஆண்டுக்கு ஒரு குட்டிதான். சுமார் 340 நாள் வயிற்றில் சுமந்து, பிறகு ஐந்தாறு மாதம் பால் கொடுத்து வளர்த்தாக வேண்டும். ஆயுள் முழுவதும் பெற்றாலும் பத்துப் பன்னிரண்டு குட்டிக்கு மேல் காண்பது அரிது. ஆகவே நல்ல தாயைத் தேடி இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போகிறார்கள். ஆண்டு முடிவில் அங்கே நடக்கும் ஏலங்களில், பெரும்பாலும் வயிற்றில் குட்டியோடேயே வாங்கி, விமானத்தில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள்.

கொடுத்த பணத்தைவிடப் பெரிய கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. குளிர் தேசத்தில் பிறந்த ஒரு பிராணியை நம் வெயிலிலும் மழையிலும் எப்படிக் காப்பாற்றுவது? அதன் சாந்த குணம் கெடாமல் எப்படிப் பழக்குவது?

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

இந்தக் கேள்வி தமிழர்களுக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நம் கரைக்கு வந்த மார்கோ போலோ இந்த வியாபாரத்தைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறானாம். ஆண்டு முடிவதற்குள் 100 கூட மிஞ்சுவதில்லையாம். குதிரையை எப்படி வைத்துக் கொள்வதென்று இங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார் அவர். வேகவைத்த அரிசியோடு இறைச்சியையும் கலந்து கொடுத்தார்களாம். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கு வந்து சேராதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக் கொண்டார்களாம். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! நல்ல பொலிகுதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் பிறக்கிற குட்டி கால் கோணலாய், உதவாததாய் இருக்கிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் அடிப்படை உண்மை இன்றைக்கும் பொருந்தும். குதிரையைப் பொன் கொடுத்து வாங்கி விடலாம். பராமரிக்கும் கைகள் இல்லாவிட்டால் அந்தப் பொன் அத்தனையும் மண்.

சுழியா, குணமா?

நம் ஊர்ப் பக்கம் குதிரை வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றிச் சுழி எங்கே, கழுத்துச் சுழி எங்கே என்று பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று சொல்லி விடுவார்கள். பண்ணைக்காரர்கள் பார்ப்பது வேறு. வம்சாவளி ஒன்று. கால், கருப்பை, பல் முதலியவற்றைப் பற்றிய டாக்டரின் அறிக்கை ஒன்று. மூன்றாவது குணம்.

குணத்தை எப்படிப் பார்ப்பது? அந்நியர் லாயத்துக்குள் நுழையும்போது காதுகளைப் பாருங்கள். காதுகள் முன்னே திரும்பினால் என்னவென்று அறிய விரும்புகிறது. பிடரியோடு ஒட்டப் படுத்துக் கொண்டால் எச்சரிக்கிறது. காலைத் தூக்கினால் கொடுக்கிறதா, தலைக்கயிறு மாட்டும்போது முகத்தைத் திருப்புகிறதா, தீவனத் தொட்டியை ஓயாமல் கடிக்கிறதா, நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக் கொண்டிருக்கிறதா என்றெல்லாம் கவனிப்பார்கள்.

சாந்தம் என்றால் மந்தம் அல்ல. நோயுற்ற குதிரையும் அசையாமல்தான் நிற்கும். அதை சாது என்று நினைத்து ஏமாறக் கூடாது. ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். உடல் வெப்பம் சுமார் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட். இவை சரியாக இருந்து, தீனியிலும் நாட்டம் இருந்து, அப்படியும் அமைதியாக நின்றால்தான் அது சாந்த குணம்.

வானத்தில் பயணம், வந்ததும் காவல்

விமானத்தில் குதிரைக்கென்று தனிக் கூண்டு உண்டு. நீண்ட பயணத்தில் தலையை உயரக் கட்டி வைத்தால் மூச்சுக் குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறாமல் நுரையீரலில் இறங்கி, கடுமையான காய்ச்சலில் கொண்டு விடும். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் அவை வடியும். எனவே இடையிடையே தலையைத் தளரவிட்டு, புல்லும் தண்ணீரும் காட்டுவார்கள். வழியெல்லாம் மிரண்டு கொண்டு வரும் பெட்டை எதையும் தொடாது. சாந்தமானது புல்லைக் கடித்துக் கொண்டே கடலைத் தாண்டி விடும்.

இறங்கியதும் நேராகப் பண்ணைக்குப் போய்விட முடியாது. அரசின் கால்நடை நோய்த் தடுப்பு விதிகளின்படி தனிமைக் காவலில் வைத்து இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1960ஆம் ஆண்டு வாக்கில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் மேற்கு ஆசியா வழியாக இந்தியா வரை பரவி, லட்சக்கணக்கான குதிரை இனப் பிராணிகளைக் கொன்றது. 1987லும், மறுபடியும் 2008-09லும் குதிரைகளின் இன்புளுவென்சா காய்ச்சல் நம் நாட்டில் பல மாநிலங்களில் பரவியது. ஒரு குதிரையின் இருமல் ஒரு லாயத்தையே படுக்க வைத்து விடும்.

புது ஊர், புதுத் தண்ணீர்

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்குப் புதுத் தண்ணீர் ஒத்துக் கொள்ளாமல் முதல் மாதம் பட்ட பாடு நினைவிருக்கும். குதிரைக்கு அது உயிர்ப் பிரச்சினை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக் கொள்ளாவிட்டால் வயிற்று வலி கண்டு, குடல் முறுக்கிக் கொண்டு, சில மணி நேரத்தில் முடிந்து விடுவதும் உண்டு.

ஆகவே தீனியை ஒரே நாளில் மாற்ற மாட்டார்கள். பழகிய தீனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றுவார்கள். 500 கிலோ எடையுள்ள பெட்டைக்கு உலர் கணக்கில் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தீனி வேண்டும். அதில் பாதிக்கு மேல் புல்லாகவும் உலர்ந்த குதிரைமசாலாகவும் இருப்பது நல்லது. மிச்சம் ஓட்ஸ், தவிடு முதலியவை. நம் ஊர்க் குதிரைகளுக்குக் கொடுக்கும் கொள்ளை இதற்கு எடுத்த எடுப்பில் அள்ளிப் போட்டால் ஆபத்து. தண்ணீர் சாதாரண நாளிலேயே 30 லிட்டருக்குக் குறையாது. வெயிலிலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகலாம். உப்புக் கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த எதிரி வெக்கை. மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இங்கே வியர்வையே வற்றி விடும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்குக் கொண்டு வரப்பட்ட குதிரைகளிடம் இதைக் கண்டு, உலர்ந்த தோல் நோய் என்று பெயரிட்டார்கள். மதிய வெயிலில் மூச்சு இரைக்கும். தோல் காய்ந்து கிடக்கும். முகத்தில் முடி உதிரும். இதற்கு நிச்சயமான மருந்து கிடையாது. நிழல், காற்று, தண்ணீர் தெளிப்பு ஆகியவற்றை விட்டால் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதுதான் வழி. டிசம்பரில் வந்து இறங்கும் பெட்டையின் உடம்பில் குளிர்கால ரோமம் அடர்ந்திருக்கும். அதை உடனே கத்தரித்து விடுவார்கள்.

உண்ணியும் ஈயும் மூன்றாவது எதிரி. இங்கு பிறந்த குதிரைக்கு உண்ணிக் காய்ச்சல் ஓரளவு பழகியிருக்கும். வந்த குதிரைக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. தினமும் காதுக்குள், பிடரி அடியில், தொடை இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். தொட விடாத குதிரையை எப்படித் தடவுவது? சாந்த குணத்தின் மதிப்பு இங்கே தெரிகிறது.

அழுத்தமும் விடுதலையும்

தாய்க் குதிரைக்கு ஓடும் பயிற்சி தேவையில்லை. அதற்கு வேண்டியது நிற்கும் பயிற்சி. தலைக்கயிற்றோடு கூடவே நடக்க வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். நாலு காலையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். டாக்டர் சோதிக்கும்போது மரச்சட்டக் கூண்டுக்குள் அசையாமல் இருக்க வேண்டும். லாரியில் ஏற வேண்டும். மடியைத் தொட விட வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை விதி ஒன்றுதான். கயிற்றை மெல்ல இழுத்தால் அது அழுத்தம். குதிரை ஓர் அடி எடுத்து வைத்த கணத்தில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் கூலி. தளர்த்தாமல் இழுத்துக் கொண்டே இருந்தால், சொன்னபடி செய்தாலும் பயனில்லை என்று குதிரை கற்றுக் கொள்ளும். பிறகு அடித்தாலும் நகராது. அடி வாங்கிய குதிரை அடித்த இடத்தையும் ஆளையும் மறப்பதில்லை.

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ வட்டம் முழுவதும் அதற்குத் தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே குரல் கொடுக்காமல் பின்னால் போகக் கூடாது. தோளின் பக்கமாக வந்து, கழுத்தில் கை வைத்து, பிறகு கை எடுக்காமலே பின்னால் நகர வேண்டும்.

அயர்லாந்தில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பெட்டைக்கு இங்கே மராத்தியும் இந்தியும் காதில் விழுகின்றன. அதனால் தடுமாறுவதில்லை. சொல் எதுவானாலும் தொனி ஒன்றாக இருந்தால் போதும். தினமும் அதே நேரம், அதே ஆள், அதே குரல். ஒரு நாள் கொஞ்சி மறுநாள் அதட்டும் ஆளிடம் எந்தக் குதிரையும் நம்பிக்கை வைக்காது.

இருபத்தைந்து நாள் கணக்கு

இந்தியாவில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் வயது ஜனவரி 1ஆம் தேதிதான் கூடுகிறது. ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதம் பிறந்த குட்டியும் சட்டப்படி ஒரே வயது. முன்னால் பிறந்ததற்கு வளர்ச்சியில் லாபம். அதனால் தாய் சீக்கிரம் சினைப்பட வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் துடிக்கிறார்கள். பகல் நீளும்போதுதான் பெட்டைக்குப் பருவம் வரும் என்பதால், குளிர்காலத்தில் லாயத்தில் விளக்குப் போட்டு, வெளிச்சம் 16 மணி நேரம் இருக்கும்படி செய்வதும் உண்டு.

சினைக்காலம் 340 நாள். ஆண்டு 365 நாள். ஆண்டுக்கொரு குட்டி வேண்டுமென்றால் பிரசவமான 25 நாளுக்குள் மறுபடி சினைப்பட்டாக வேண்டும். பந்தய இனத்தில் செயற்கைக் கருத்தரிப்புக்குச் சர்வதேச விதிகள் இடம் கொடுப்பதில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குட்டியையும் கூட வைத்துக் கொண்டு தாய் பொலிகுதிரையிடம் போக வேண்டியிருக்கிறது. மிரளும் தாயானால் மூன்று உயிருக்கும், பிடித்திருக்கும் ஆளுக்கும் ஆபத்து.

கருத்தரித்த இரண்டு வாரத்தில் ஸ்கேன் பார்ப்பார்கள். மனிதருக்கு இரட்டைக் குழந்தை மகிழ்ச்சி. குதிரைக்கு அது பெரும்பாலும் இரண்டையும் இழப்பதில்தான் முடியும். எனவே ஒரு கருவை அப்போதே அகற்றி விடுவார்கள். இந்தப் பரிசோதனையின்போது பெட்டை ஒரு தரம் உதைத்தால் டாக்டரின் கை முறியும்.

அந்த அரை மணி நேரம்

பெட்டைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பகலில் சந்தடி இருந்தால் அடக்கிக் கொண்டு, ஆள் ஓய்ந்த பிறகு ஈனுவது அவற்றின் சுபாவம். காம்பில் மெழுகு போலத் திரண்டால் நாள் நெருங்கி விட்டது என்று பொருள்.

பனிக்குடம் உடைந்த பிறகு எல்லாம் அரை மணி நேரத்துக்குள் நடந்து முடியும். முதலில் வெண்மையான சவ்வுக்குள் ஒரு முன்னங்கால், சற்றுப் பின்தள்ளி இன்னொன்று, அவற்றின்மேல் மூக்கு. இதுதான் சரியான வரிசை. வெள்ளைச் சவ்வுக்குப் பதிலாகச் செம்பட்டுப் போன்ற சிவப்புப் பை வெளியே தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து விட்டது என்று அர்த்தம். உள்ளே குட்டிக்கு மூச்சில்லை. டாக்டருக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க நேரம் கிடையாது. அங்கே நிற்கும் குதிரைக்காரரே பையைக் கிழித்துக் குட்டியை இழுத்து எடுக்க வேண்டும். பழகிய கையென்று தாய் அசையாமல் கிடந்தால் குட்டி பிழைக்கும். எழுந்து சுற்ற ஆரம்பித்தால் அந்தச் சில நிமிடங்கள் போய்விடும். பல மாதம் தினமும் தடவிக் கொடுத்துச் சம்பாதித்த நம்பிக்கைக்கு அந்த இடத்தில்தான் பரீட்சை.

பிறகு பண்ணைகளில் சொல்லும் 1, 2, 3 கணக்கு. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைக் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வருவதில்லை. சீம்பாலில்தான் வருகிறது. அதை ஏற்கும் சக்தி குட்டியின் குடலுக்கு ஒரு நாளோடு முடிந்து விடும். முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். குட்டியை மடியில் சேர விடாமல் உதைக்கும் தாய்களும் உண்டு. சாந்தமான தாய் தன் குட்டிக்குக் கொடுத்தது போக, மீதிச் சீம்பாலைக் கறக்கவும் விடும். அதை உறைய வைத்துப் பாதுகாத்து, தாயை இழந்த வேறொரு குட்டிக்குக் கொடுப்பார்கள்.

தாயைப் பார்த்துக் கற்கும் குட்டி

வேகம் வம்சத்தில் வரும். குணமோ பார்த்தும் வரும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பிறந்த முதல் சில நாட்களில் குட்டியைத் தொடவே இல்லை. தாயை மட்டும் குட்டியின் கண் முன்னால் தினமும் சற்று நேரம் மென்மையாகத் தேய்த்து விட்டார்கள். அந்தக் குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டு அஞ்சாமல் நெருங்கி வந்தன. தொடுவதையும் எளிதில் ஏற்றுக் கொண்டன. அந்தப் பழக்கம் பல மாதம் கழிந்தும் நீடித்தது.

ஐந்தாறு மாதத்தில் பால் மறக்கடிக்கும்போது குட்டிகள் கதறி, வேலியில் மோதிக் காயப்படுவதுண்டு. அப்போது சாந்தமான ஒரு வயதான பெட்டையை அவற்றின் நடுவே விட்டு வைப்பார்கள். அது புல் மேய்வதைப் பார்த்துக் குட்டிகளும் அடங்கும்.

புத்தகத்தில் இல்லாத பெயர்

பந்தயக் குதிரைகளின் பிறப்பு, வம்சம் எல்லாவற்றையும் பதிவு செய்யும் இந்திய ஸ்டட் புத்தக அலுவலகம் நம் பக்கத்துப் பூனாவில்தான் இருக்கிறது. தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். இராத்திரி லாந்தருடன் காத்திருந்த குதிரைக்காரரின் பெயருக்கு அதில் இடமில்லை. வடக்கே சயீஸ் என்று அழைக்கப்படும் இவர்களில் பலர் நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து பிழைப்பவர்கள். குதிரை தீனியை மிச்சம் வைத்தால் முதலில் தெரிவது இவர்களுக்கு. டாக்டருக்குச் சொல்வதும் இவர்கள்தான். மார்கோ போலோ காலத்தில் நம்மிடம் இல்லாமல் போனது இந்தக் கைகள்தாம்.

சாந்தமான குதிரையால் பந்தயம் காணாதவர்களுக்கும் நன்மை உண்டு. பூனாவில் 1946இல் தொடங்கிய பூனாவாலா பண்ணையிலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்துக்குப் போயின. குதிரையின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து எடுப்பதற்காக. அந்த வேலையை நாமே செய்யலாமே என்ற யோசனையில் 1966இல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிடியூட். இன்றும் பாம்புக்கடி மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்துதான் தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர்கள் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஊசிக்கு அசையாமல் கழுத்தைக் கொடுக்கும் குதிரையும், பாம்பைப் பதறாமல் பிடிக்கும் இருளரும் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ!

குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. பெட்டை குட்டி போடுவது இருபது வயது வாக்கில் நின்று விடும். அதன் பிறகு அதற்கு வருமானம் கிடையாது. தீனிச் செலவு மட்டும் உண்டு. நல்ல பண்ணைகள் அதை விற்காமல், மேய்ச்சலில் விட்டு வைக்கின்றன. கடல் தாண்டி வந்து, புதுத் தண்ணீர் குடித்து, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்ட ஒரு தாய்க்கு அந்த நிழலும் ஒரு பிடி புல்லும் தர்மம் அல்ல, பாக்கிச் சம்பளம்.

அடுத்த முறை மகாலட்சுமி மைதானத்தில் ஒரு குதிரை கம்பத்தைத் தாண்டும்போது, கை தட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதன் தாய் எது? அதை யார் பார்த்துக் கொண்டார்?